இல்லாத கம்பியும் மாமனாரின் மேல்மாடியும்

மாமனார் வீட்டில் அவருக்குக் 'கொக்கு மாப்பிள்ளை' என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்துதான் கூப்பிட்டார்கள். அவ்வளவு மரியாதை தெரிந்த குடும்பம்.

பெயர் வந்தது தொழிலால். காற்றாலை நடப்போகிறார்கள், விமான ஓடுபாதையை நீட்டப்போகிறார்கள் என்றால் அந்த இடத்தில் என்னென்ன பறவை, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் போகிறது என்று உட்கார்ந்து பார்த்து ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுப்பார். இதை ஒரு தொழில் என்று ஏற்றுக்கொள்ள மாமனார் மனதாரப் பாடுபட்டார், முடியவில்லை. அவர் பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தம் கையெழுத்து படாமல் அந்த வட்டாரத்தில் ஒரு குட்டிச்சுவர்கூடக் கைமாறியதில்லை என்பது அவர் எண்ணம். "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால் "சுற்றுச்சூழல்" என்பார். அதற்கு மேலும் கேட்டால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.

மாப்பிள்ளையும் லேசுப்பட்டவர் இல்லை. கழுத்தில் தொலைநோக்கியை மாட்டிவிட்டால் அவர் நடையே மாறிவிடும். சிறகசைப்பை வைத்தே இனத்தைச் சொல்லிவிடுவேன் என்று சொல்லிக்கொள்வார். யாரும் கேட்காதபோதும் சொல்வார்.

இப்படி ஒருவரை ஒருவர் மதிக்காமல் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த உறவில்தான் மின்கம்பி வந்து விழுந்தது.

நகரத்துக்கு வெளியே இருந்த துணைமின்நிலையத்திலிருந்து புதிதாக உயரழுத்தக் கம்பி இழுக்கத் திட்டம். ஏரிக்கும் அறுவடை முடிந்த வயல்களுக்கும் நடுவே கோபுரம் கோபுரமாகப் போவதாக வரைபடத்தில் சிவப்புக் கோடு. இலையுதிர் காலத்தில் வடக்கேயிருந்து வாத்தும் நாரையும் உள்ளானும் அந்த ஏரிக்கு வலசை வரும். அவை கம்பி உயரத்தில் அந்தக் கோட்டை அதிகமாகக் கடந்தால், கோட்டை மாற்ற வேண்டும். மாற்றுப் பாதையை நீலப் புள்ளிகளால் குறித்திருந்தார்கள். நீலப் புள்ளிகள் ஏரியின் மறுகரையைச் சுற்றி, புதிதாக வந்த தெருவின் புழக்கடை வழியாக, மாமனார் அப்போதுதான் கட்டி முடித்திருந்த மேல்மாடியின் தலைமேல் ஏறிப் போயின. உயரழுத்தக் கம்பிக்கு அடியில் மாடி நிற்கக்கூடாது. கம்பி வந்தால் மாடி போகும்.

கணக்கெடுக்கும் வேலை மாப்பிள்ளைக்கு வந்தது. வரைபடத்தைப் பார்த்ததுமே அவர் மேலாளருக்குப் போன் போட்டார்.

"சார், அந்த நீலப் புள்ளியில எங்க மாமனார் வீடு வருது."

"சரி."

"நான் இந்த வேலையைச் செய்யறது முறையா இருக்குமா?"

"இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரு மாமனார் இருக்கார்யா. மாமனாரே இல்லாத ஆளா நான் எங்க போய்த் தேடுவேன்? வாத்துக்கு உங்க மாமனாரைத் தெரியாது. எண்ணிட்டு வாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு மாமனார் வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே "வாங்க மாப்பிள்ளை, வாங்க வாங்க" என்று மூன்று வாங்க கேட்டது. வழக்கமாக ஒன்றுதான், அதுவும் தொலைக்காட்சியிலிருந்து கண்ணெடுக்காமல். நீலப் புள்ளியும் எண்ணுவது யார் என்பதும் அதற்குள் மாமனார் காதுக்கு எட்டியிருந்தன. உட்கார இதுவரை கிடைத்தது சமையலறைப் பக்கத்து பிளாஸ்டிக் முக்காலி. அன்று கூடத்தின் நடுவில் கை வைத்த நாற்காலியைக் காட்டினார் மாமனார். அது வாங்கிய நாள் முதல் உறை பிரிக்காத நாற்காலி. மாப்பிள்ளை உட்கார்ந்ததும் உறை கரக்முரக்கென்றது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"பறவையெல்லாம் சௌக்கியமா?" என்றார் மாமனார்.

"வர ஆரம்பிச்சிருக்கு மாமா."

"பாவம், வாயில்லா ஜீவன். ஆனா ஒண்ணு மாப்பிள்ளை. கம்பி எங்க வந்தாலும் அதுங்களுக்கு ரெக்கை இருக்கு. சுத்திப் போயிடலாம். வீட்டுக்கு ரெக்கை இருக்கா?"

"இல்லதான்."

"அதைத்தான் சொல்றேன். எப்படி இருக்கு எண்ணிக்கை? கூடவா, கொறைச்சலா?"

உண்மை என்னவென்றால் எண்ணிக்கை மிகக் குறைச்சல். பறவைகள் பெரும்பாலும் கம்பி உயரத்துக்கு எங்கேயோ மேலே வந்து, நேராக ஏரியின் மறுகரை ஓரமாக இறங்கி, அங்கேயே மேய்ந்துகொண்டிருந்தன. சிவப்புக் கோட்டின் பக்கமே தலைவைக்கவில்லை. "கவலைப்படாதீங்க மாமா" என்று இரண்டு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் மாமியார் பீங்கான் கோப்பையில் தேநீர் கொண்டுவந்தார். மச்சினன் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்தான். மாப்பிள்ளை நாற்காலியின் இரு கைகளையும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"சொல்ல முடியாத நிலைமை மாமா. ரகசியம்" என்றார், முகத்தை ஒரு முழம் நீட்டிக்கொண்டு. பெருமூச்சு ஒன்றும் விட்டார். அதற்கு அவசியமே இல்லை.

மாமனாரின் வயிற்றில் அந்தப் பெருமூச்சு கல்லாக இறங்கியது.

மாப்பிள்ளை உட்கார்ந்து எண்ணும் இடம் ஒரு பழைய செங்கல் சூளை மேடு. மடக்கு நாற்காலி, முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி, கையில் அழுத்தினால் 'கிளிக்' என்று எண்ணேறும் சின்னக் கருவி. எதிரே ஏரிக்கும் வயலுக்கும் நடுவே, கோபுரங்கள் வரவிருக்கும் இடங்களில் சிவப்புத் துணி கட்டிய கழிகளை நட்டிருந்தார்கள். ஒரு கழியிலிருந்து அடுத்த கழிக்கு, இத்தனை உயரத்தில் இத்தனை கம்பி ஓடுவதாக மனதுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். பறவை அதற்கு மேலே போனால் ஒரு கட்டம், கீழே போனால் ஒரு கட்டம், கம்பி உயரத்திலேயே போனால் கிளிக். இல்லாத கம்பியை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் சம்பளம்.

அந்தப் பயிற்சி அதிகமானதாலோ என்னவோ, ஆரம்பத்தில் ஒரு தவறு நடந்தது. மூடுபனி விலகாத ஒரு காலையில் மறுகரை வீடொன்றின் கைப்பிடிச்சுவரில் மாபெரும் கழுகு ஒன்று இறக்கையை விரித்து உட்கார்ந்திருக்கக் கண்டார். அசையவில்லை. வெகுநேரம் அசையவில்லை. என்ன பொறுமை, என்ன கூர்மை, வேட்டை என்றால் இதுவல்லவா வேட்டை என்று மெய்மறந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பனி விலகியதும் லுங்கி கட்டிய ஒருவர் ஏணி போட்டு ஏறி, கழுகின் அலகுக்கு மஞ்சள் சாயம் பூசினார். மாமனார் முந்தின நாள்தான் மேல்மாடிக்கு சிமெண்ட் கழுகு வாங்கி நிறுத்தியிருந்தார்.

மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கி பார்க்கிறவள். அவளும் எண்ணுகிற வேலைக்காரிதான், வெள்ளையணு, சிவப்பணு.

"எங்க அப்பா வைக்கிற பொம்மையைப் பார்த்து ஏமாந்த முதல் ஆள் நீங்கதான்" என்று இரண்டு நாள் சிரித்தாள்.

இதற்கிடையில் மறுகரையில் மாமனார் தம் மகனைக் கூப்பிட்டு ஆலோசனை நடத்தினார். மச்சினன் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தான். கூட்டமோ திறப்பு விழாவோ, குழாயைக் கட்டிப் பாட்டுப் போட அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

"எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுது. மாப்பிள்ளை வாயைத் திறக்க மாட்டேங்கறார். முகத்தைப் பார்த்தியா?" என்றார் மாமனார்.

"பார்த்தேன்ப்பா. எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார்."

"எண்ணிக்கை குறையணும்னா என்ன பண்ணணும்?"

"பறவை குறையணும்."

"அப்படிப் போடு. நீ என் புள்ளைடா."

பதிவு அலுவலகத்தில் வாசலில் கூட்டம் சேர்ந்தால் அவர் செய்த வேலையும் அதுதான். 'இன்று சர்வர் இல்லை' என்று ஒரு சத்தம். கூட்டம் காலி.

அடுத்த காலையே மறுகரைப் புதர் மறைவில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள் வந்து உட்கார்ந்தன. மச்சினன் எங்கிருந்தோ பருந்து கத்தும் ஒலிப்பதிவைத் தேடிப் பிடித்திருந்தான். மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியும் குடையுமாக மேற்பார்வைக்கு வந்தார். பொத்தானை அழுத்தியதும் வானமே கிழிகிற மாதிரி ஓர் அலறல். ஏரியில் மேய்ந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம் மொத்தமாக எழுந்தது.

"போச்சு பாரு! ஒண்ணு இல்ல!" என்று மாமனார் தொடையில் தட்டினார்.

போனது எங்கே என்று அவர் பார்க்கவில்லை. எழுந்த கூட்டம் பயத்தில் ஏரியைத் தாண்டி, சிவப்புக் கோட்டைச் சரியாகக் கம்பி உயரத்தில் கடந்து வயலுக்குள் போயிற்று. அங்கே பருந்தும் இல்லை, தண்ணீரும் இல்லை. கொஞ்ச நேரம் வட்டமடித்துவிட்டு அதே வழியாக ஏரிக்குத் திரும்பியது. திரும்பிய கூட்டத்தைப் பார்த்து மாமனார், "இது புதுக் கூட்டம்டா. எத்தனை வருது பாரு! போடு!" என்றார். மச்சினன் போட்டான். கூட்டம் மறுபடி கோட்டைக் கடந்தது.

சூளை மேட்டில் மாப்பிள்ளையின் கட்டைவிரல் வலிக்க ஆரம்பித்தது.

காற்று அவர் முதுகுப் பக்கமிருந்து ஏரியை நோக்கி அடித்தபடியால் ஒலிபெருக்கிச் சத்தம் மேட்டுக்கு எட்டவில்லை. வாத்துகள் போவதும் வருவதும், போவதும் வருவதும்தான் தெரிந்தது. வேட்டைப் பறவை ஏதாவது துரத்துகிறதா என்று தேடினார். கைப்பிடிச்சுவர்க் கழுகைத் தவிர வேறெதுவும் இல்லை. அதனிடம் அவர் இனி ஏமாறுவதாக இல்லை. இப்படியே காலைதோறும் நடந்தது. வந்த பறவைகள் ஏன் போகின்றன? போனவை ஏன் வருகின்றன? யோசித்து யோசித்து ஒரு கொள்கையைக் கண்டுபிடித்தார். இடம் மாறிவந்த பறவைகள் தங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் ஊசலாடுகின்றன. அதற்கு 'வலசைத் தயக்கம்' என்று பெயரும் வைத்தார். மேலாளரைப் போனில் பிடித்தார்.

"சார், இந்த மாதிரி நடமாட்டத்தை நான் பார்த்ததே இல்ல. இதுவரைக்கும் யாருமே பார்த்திருக்க மாட்டாங்க. கம்பி உயரத்துல மட்டும் அள்ளுது."

"அப்படியா? போன வாரம் வரைக்கும் ஈ ஓட்டிக்கிட்டு இருந்தீங்களே."

"அதான் சார் வியப்பு. நான் ஒரு கட்டுரையே எழுதலாம்னு இருக்கேன்."

"எழுதுங்க. இப்படியே போனா வரம்பைத் தாண்டிடும். சிவப்புக் கோடு நிக்காது. நீலத்துக்குப் போகணும்னு மேல சொல்லிடறேன்."

நீலம் என்ற சொல்லைக் கேட்டதும்தான் மாப்பிள்ளைக்கு மாமனாரின் ஞாபகம் வந்தது. ஆனாலும் உண்மை உண்மைதானே, அறிவியலுக்கு மாமனார் ஏது என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் நேர்மையைத் தானே கொஞ்சம் மெச்சிக்கொண்டார். கட்டுரையின் முதல் வரிகூட மனதில் ஓடியது.

அந்த வரி முடியவில்லை. காற்று திரும்பியது.

முதலில் தூரத்தில் ஒரு பருந்தின் அலறல் மிதந்து வந்தது. மாப்பிள்ளை துள்ளி எழுந்து வானம் முழுக்கத் துழாவினார். அலறல் நின்றது. கரகரவென்று ஓர் இரைச்சல். பிறகு அந்த வெளி முழுக்கக் கேட்கும்படி கணீரென்று ஒரு குரல்:

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ. மைக் டெஸ்டிங்."

எந்தப் பருந்தும் அப்படிக் கத்தாது. அந்தக் குரலின் சொந்தக்காரனை மாப்பிள்ளைக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும். இணைப்பு விட்டுப்போய் மறுபடி கிடைத்தால் மைக்கைத் தட்டிச் சோதிக்காமல் மச்சினனால் இருக்க முடியாது. மைக்கே தேவையில்லாத வேலைக்கும் கைப்பழக்கத்தில் மைக்கைச் செருகி வைத்திருந்தான்.

மாப்பிள்ளை மேட்டிலிருந்து இறங்கி ஏரிக்கரை வழியாக ஓடினார். ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது மாமனார் குடை நிழலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் பூரிப்பில் மின்னியது.

"வாங்க மாப்பிள்ளை! நீங்க வாயைத் திறக்கலேன்னாலும் எங்களுக்குப் புரியாதா? உங்க கஷ்டத்தை நாங்க தீர்த்து வைக்கறோம். பாருங்க, ஏரி துடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

"எவ்வளவு நாளா மாமா இது நடக்குது?"

"நீங்க பெருமூச்சு விட்டுட்டுப் போனீங்களே, அதுக்கப்புறம் ஒரு காலை விடல. மழைத்தூறல்லகூட இவன் தார்ப்பாய் போட்டுக் கட்டினான்."

"வாடகைக்கு விட்டிருந்தா நல்ல வருமானம் அத்தான். குடும்பக் காரியம்னு விட்டுட்டேன்" என்றான் மச்சினன்.

மாப்பிள்ளை கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, நான் பறவையை எண்ணல. கோட்டை எத்தனை தடவை தாண்டுதுன்னு எண்ணறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல. ஒரே வாத்து நாலு தடவை தாண்டினா நாலு."

மாமனார் காலைக் கீழே இறக்கினார். "அது என்ன கணக்கு? என் ஆபீசுக்கு ஒரே ஆள் நாலு தடவை வந்தான்னா நாலு ஆளா?"

"நாலு தடவை மாடிப்படி ஏறினா நாலு தடவை உருள வாய்ப்பு இருக்கு இல்லையா? அது மாதிரி. கம்பிக்கு எந்த வாத்துங்கறது முக்கியமில்ல. தாண்டற ஒவ்வொரு தடவையும் மோத வாய்ப்பு. நீங்க இங்க ஒரு அலறல் விட்டா அங்க நான் ஐந்நூறு கிளிக் அடிக்கறேன். திரும்பி வந்தா இன்னொரு ஐந்நூறு."

மச்சினன் மெதுவாக மைக்கைப் பெட்டிக்குள் வைத்தான்.

"அப்போ இத்தனை நாளா..." என்று ஆரம்பித்தார் மாமனார். திரும்பித் தம் மேல்மாடியைப் பார்த்தார். சாயம் காய்ந்த கழுகு இறக்கையை விரித்து நின்றது.

"இத்தனை நாளா நீங்களே உங்க மாடியை இடிச்சுக்கிட்டு இருந்தீங்க" என்றார் மாப்பிள்ளை.

"அழிச்சிடுங்க."

"எதை?"

"எண்ணினதை. குறுக்க ஒரு கோடு அடிச்சா போச்சு. நான் எத்தனை கோப்பு பார்த்திருக்கேன்!"

"அன்னன்னிக்கே அனுப்பியாச்சு மாமா. அழிக்கணும்னா காரணம் சொல்லணும். இடையூறு நடந்துதுன்னா யாரு, எதுக்குன்னு எழுதணும்."

"எழுதாம விட்டா?"

"நீலப் புள்ளி."

"எழுதினா?"

"கணக்கெடுக்கறவன் மாமனாரே பறவையை விரட்டினார்னு வரும். என்னை வேலையை விட்டுத் தூக்கலாம். உங்க மேலயும் ஏதாவது வரலாம். தெருவுல பேசுவாங்க."

தெரு என்றதும் மாமனார் குடையை மடக்கினார். நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். மச்சினன் கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, "அத்தான், என் கடை பேரு மட்டும் வராம பார்த்துக்குங்க" என்று கெஞ்சிவிட்டுப் பின்னாலேயே போனான்.

சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்தாள். அவள் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவதற்குள் மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். தம்பியின் மைக் டெஸ்டிங் வரும்போது அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு துண்டை எடுத்துத் துடைத்தபடி கேட்டாள்.

"ஸ்பீக்கர் வர்றதுக்கு முன்னாடி எண்ணிக்கை எப்படி இருந்துது?"

"ரொம்பக் கம்மி."

"அப்போ வீட்டுக்கு ஆபத்தே இல்ல?"

"இல்ல."

"அதை எங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அது ரகசியம்..."

"ஏங்க, மூஞ்சியைத் தொங்கப் போட்டீங்களே, அதுவும் ரகசிய விதியில இருந்துதா?" துண்டைக் கொடியில் போட்டாள். "கவலைப்படாதீங்கன்னு சொன்னா மறுபடி முக்காலிக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். கை வச்ச நாற்காலி கண்ணை மறைச்சிருச்சு."

மாப்பிள்ளை சுவரில் பல்லி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அதையும் எண்ணுவதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன பண்றது?" என்றார் கடைசியில்.

"எங்க லேப்ல சாம்பிள் கெட்டுப்போனா கெட்டுப்போச்சுன்னு எழுதித் தூக்கிப் போட்டுட்டு, மறுபடி ரத்தம் எடுப்போம். குழாயைக் கீழே போட்டது யாருன்னும் எழுதுவோம். போன மாசம் என் பேரு ரெண்டு தடவை வந்துது. நான் செத்தா போயிட்டேன்?"

"இது உங்க அப்பா."

"அதுக்காக? கெட்ட ரத்தத்தை வச்சு நல்ல ஆளுக்கு வியாதின்னு எழுதுவீங்களா?"

மாப்பிள்ளை எழுத உட்கார்ந்தார். நிறைய எழுதிக் கிழித்தபின் நாலு வரி தேறியது. 'மேற்கண்ட நாட்களில் ஏரியின் மறுகரையில் ஒலிபெருக்கி வைத்துப் பறவைகள் விரட்டப்பட்டன. செய்தவர் என் மாமனார். எனவே அந்த நாட்களின் எண்ணிக்கை செல்லாது. இதை உடனே கவனிக்கத் தவறியது என் பிழை.' அனுப்புவதற்கு முன் மாமனாரிடம் காட்டிவிடுவது என்று முடிவு செய்தார். முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டதாக நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.

மறுநாள் காலை வாசலில் ஒரு 'வாங்க'தான். கை வைத்த நாற்காலியில் மாமனாரே உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை நின்றபடியே தாளை நீட்டினார். மனைவி கதவோரம் நின்றாள். மாமியார் சமையலறையில் பாத்திரம் உருட்டுவதை நிறுத்தினார்.

மாமனார் கண்ணாடியை மாட்டி ஒரு முறை படித்தார். மறுபடி படித்தார். முகம் சிவந்தது. மூக்கு விடைத்தது.

"என்ன மாப்பிள்ளை இது?"

"உண்மைதானே மாமா..."

"உண்மையை யாரு கேட்டா? 'செய்தவர் என் மாமனார்.' இவ்வளவுதானா? மொட்டையா? நான் யாரு? தெருவுல போறவனா? பதவி எங்க?"

"பதவியா?"

"முப்பத்தஞ்சு வருஷம் வேலை பார்த்திருக்கேன்! 'ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், பதிவுத் துறை'ன்னு போட வேண்டாமா? அப்புறம் இது, 'விரட்டப்பட்டன.' கோழியா விரட்ட? இப்படி ஒரு குறிப்பு என் மேசைக்கு வந்திருந்தா முகத்துல விட்டெறிஞ்சிருப்பேன். பேனாவைக் கொடுங்க."

"அப்பா..." என்றாள் மகள்.

"சும்மா இரும்மா. வாக்குமூலம்னா அதுக்கு ஒரு அமைப்பு இருக்கு."

அன்று மாமனார் குளிக்கவில்லை, செய்தித்தாள் படிக்கவில்லை. உச்சிவேளை வரை உட்கார்ந்து எழுதினார். மாப்பிள்ளையின் நாலு வரி முழுத் தாள் நாலாக வீங்கியது. பொருள், பார்வை, உட்பிரிவு எல்லாம் முளைத்தன. 'கீழே கையொப்பமிட்டுள்ள நான், என் சொந்த முன்முயற்சியில், என் நேரடி மேற்பார்வையில், எவருடைய தூண்டுதலுமின்றி மேற்கொண்ட ஒலிவழித் தலையீட்டின் விளைவாக' என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்துப் பக்கத்தின் கடைசியில்தான் மூச்சு விட்டது. மாப்பிள்ளைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்பதை மூன்று இடத்தில் மூன்று விதமாகச் சொல்லியிருந்தார். மருமகனைக் காப்பாற்றுவதற்காக அல்ல. பெருமையில் பங்கு கொடுக்க மனம் வரவில்லை.

"ஒலிபெருக்கி உதவியவர்னு உன் பேரையும் போடவாடா?" என்று மகனைக் கேட்டார்.

"வேண்டாம்ப்பா. புகழெல்லாம் உங்களுக்கே இருக்கட்டும்" என்றான் அவன்.

மாமனார் கையெழுத்தைப் போட்டார். அது பதிவு அலுவலகக் கையெழுத்து. ஒரு சுழி, அதற்கு மேல் ஒரு சுழி, அடியில் இரண்டு கோடு. மாப்பிள்ளை அதைப் படமெடுத்துத் தம் நாலு வரியோடு மேலாளருக்கு அனுப்பினார். சிறிது நேரத்தில் போன் வந்தது.

"உங்க நாலு வரி புரிஞ்சுது. அந்த நாலு பக்கம் என்னய்யா?"

"எங்க மாமனார் சார்."

"மாமனார் இல்லாத ஆளைத் தேடியிருக்கணும் நான்." என்றார் மேலாளர். "கெட்டுப்போன நாளெல்லாம் போகட்டும். அந்த மேட்டுல மிச்சத்தை வேற ஆள் எண்ணட்டும். நீங்க கம்பியோட அந்தக் கோடிக்குப் போங்க. அங்க உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"இல்ல சார்."

"ஸ்பீக்கர் வச்சிருக்கறவங்க?"

"இல்ல சார்."

"போங்க. அப்புறம் அந்தத் தயக்கக் கட்டுரை..."

"அது வேண்டாம் சார்."

கம்பியின் அந்தக் கோடி பஸ்ஸில் போய் மாறி ஏறிப் போகிற தூரம். ஒரு கல்லுக்குவாரியின் விளிம்பு. தூசி, லாரி, பேருக்கு நாலு நாரை. பருவம் முடியும்வரை மாப்பிள்ளை அங்கே உட்கார்ந்து எண்ணினார். தலையில் தூசி படிந்து வீட்டுக்கு வந்தபோதெல்லாம் மனைவி சுடுதண்ணீர் வைத்துக்கொடுத்தாள். கேலி எதுவும் செய்யவில்லை. அதுவே அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. சூளை மேட்டுக்கு வந்த புது ஆள் யாரிடமும் பேசாத ஒரு பெண்மணி. மாமனார் ஒருநாள் போய் வணக்கம் சொல்லிப் பார்த்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், ஏரி மறைக்குது" என்றாராம்.

வாத்துகள் அந்த ஏரியை விட்டு அதற்குப்பின் எழவில்லை. எழ அவற்றுக்கு ஒரு காரணமும் இல்லை.

முடிவு வந்த அன்று மாப்பிள்ளை நேராக மாமனார் வீட்டுக்குப் போனார். மேல்மாடியில் சன்னல் கதவுகளுக்கு இரண்டாம் பூச்சு நடந்துகொண்டிருந்தது. புதுச் சாயத்தின் வாசனை மூக்கைத் துளைத்தது. மாமனார் வேலையாளுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மச்சினன் ஏணியைப் பிடித்திருந்தான்.

"மாமா, சிவப்புக் கோடே உறுதியாயிடுச்சு. ஏரிக்கிட்ட வர்ற கம்பியில மட்டும் பறவை கண்ணுல படற மாதிரி தட்டு தட்டா மாட்டப் போறாங்க. நீலப் புள்ளியை எடுத்துட்டாங்க. மாடிக்கு ஒண்ணும் வராது."

மச்சினன் ஏணியை விட்டுவிட்டுக் கைதட்டினான். ஏணியில் நின்ற வேலையாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். கீழேயிருந்து மாமியாரின் "அப்பாடா" மாடி வரைக்கும் கேட்டது.

மாமனார் மட்டும் அசையவில்லை. "அறிக்கை வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"என் கடிதத்தைச் சேர்த்திருக்காங்களா? பின்னிணைப்பா?"

"இல்ல மாமா. ஒரு வரியில சொல்லி முடிச்சுட்டாங்க. உங்களுக்குச் சங்கடமா இருக்கக்கூடாதுன்னு சார் பேரை எடுத்துட்டாராம். யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. தெருவுக்கும் தெரியாது."

"படிங்க."

மாப்பிள்ளை போனை எட்டப் பிடித்துப் படித்தார். "'சில நாட்களில், அப்பகுதியில் வசிக்கும் ஒருவர் எழுப்பிய சத்தத்தால் பறவைகள் கலைந்தன, அந்நாட்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை.'"

மாமனார் தூரிகையைச் சாயவாளியில் போட்டார். மாடி தப்பியது, மானம் தப்பியது, பென்ஷன் தப்பியது. எதுவும் அவர் முகத்தில் ஏறவில்லை.

"ஒருவரா?" என்றார்.